வரப்போவதை மறைக்கட்டும், போகப்போவதை மறைக்கலாமா?

நிறுவனத்துக்காகக் கணினி, சர்வர், மென்பொருள் வாங்குபவர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தயாரிப்பாளர்கள் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு நடுவே எப்படி வாங்குவது, எப்படித் திட்டமிடுவது என்று துறையில் பழகிய எங்கள் குழுவினர் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: அலுவலகத்துக்கு 200 லேப்டாப் வாங்கினோம். ஆர்டர் போடும் முன் "புது மாடல் ஏதும் வருகிறதா?" என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டோம். "எனக்குத் தெரிந்து இல்லை" என்றார். சரக்கு வந்து மூன்றே வாரத்தில், அதே விலைக்குப் புது மாடல் அறிவிப்பு. அவர் எங்களிடம் பொய் சொன்னாரா?
– கொள்முதல் பிரிவு மேலாளர்

பதில்: அவருக்கே தெரியாமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புது மாடலின் தேதியும் விலையும் விற்பனைப் பிரிவுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். புதியது வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பழையதை யாரும் வாங்க மாட்டார்கள். கிடங்கில் இருப்பதை விற்றுத் தீர்க்கும் வேலையோ அதே பிரதிநிதியுடையது. அவரிடம் சொல்லாமல் இருப்பதைத்தான் நிறுவனம் பாதுகாப்பு என்று நினைக்கிறது.

இந்தப் பயத்துக்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்று பெயரே உண்டு. 1981-ல் 1,795 டாலருக்கு வந்த 'ஆஸ்போர்ன் 1', கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினி என்பதால் சக்கைப்போடு போட்டது. 1983-ல் நிறுவனம் அடுத்த மாடல்களைப் பற்றி முன்கூட்டியே பேசியது. டீலர்கள் பழையதற்கு ஆர்டர் போடுவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவால். போட்டியாளர்களும் நிர்வாகக் குளறுபடியும்தான் உண்மைக் காரணம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. தொழில்துறையின் மனதில் தங்கியதென்னவோ, 'வாயைத் திறந்தார்கள், கெட்டார்கள்' என்ற பாடம்தான்.

அடுத்த முறை "புது மாடல் வருகிறதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் நேரான பதில் தர முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரில் இப்படி ஒரு நிபந்தனை போடுங்கள்: "ஆர்டர் தேதியிலிருந்து 60 நாளுக்குள் இதே வரிசையில் புது மாடல் அறிவிக்கப்பட்டால், இன்னும் அனுப்பாத எண்ணிக்கையை அதே விலைக்குப் புது மாடலாக மாற்றித் தர வேண்டும். அனுப்பிவிட்டவற்றின் விலை குறைக்கப்பட்டால் வித்தியாசத்தை வரவு வைக்க வேண்டும்." இதில் கையெழுத்துப் போட அவர்கள் எந்த ரகசியத்தையும் வெளியிட வேண்டியதில்லை. 60 நாளை 15 ஆக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள் என்றால், நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

200-ஐயும் ஒரே மூச்சில் வாங்காமல் 60, 70, 70 என்று மூன்று தவணையாகப் பிரிப்பதும் உதவும். ஆனால் நடுவில் மாடல் மாறினால் டாக் (லேப்டாப்பைத் திரை, கீபோர்டோடு இணைக்கும் பெட்டி) ஒத்துப்போகுமா, பழைய சார்ஜரின் வாட் போதுமா, எல்லா லேப்டாப்பிலும் ஏற்ற நீங்கள் தயாரித்து வைத்த விண்டோஸ் இமேஜில் (அச்சு நகல்) புது நெட்வொர்க் சிப்புக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் அடிக்கடி காலை வாரும்: இமேஜ் ஏறிவிடும், வைஃபை மட்டும் தெரியாது. தவணை மாறும்போதெல்லாம் ஒரே ஒரு இயந்திரத்தை முதலில் வரவழைத்துச் சோதித்துவிட்டு மீதியை அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு உபயோக வரிசையை விட்டு அலுவலக வரிசையில் வாங்குவதும் நல்லது. இன்டெலின் ஸ்டேபிள் ஐடி பிளாட்ஃபார்ம் திட்டத்தில் வரும் கணினிகளில், முக்கியச் சிப்களையும் டிரைவர்களையும் குறைந்தது 15 மாதமோ அடுத்த தலைமுறை வரும் வரையோ மாற்றாமல் வைத்திருப்பதுதான் நோக்கம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான்கு வருடம் ஓடப்போகும் லேப்டாப்பில் மூன்று வாரம் பிந்திய மாடல் என்பது பெரிய இழப்பு இல்லை. முதல் லாட்டில் வரும் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) கோளாறுகளில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தும் இருக்கலாம். உண்மையான இழப்பு வேறு இடத்தில் வருகிறது. அடுத்த கேள்வி அதைத்தான் தொடுகிறது.

கேள்வி: புதியதை மறைப்பது வியாபாரம் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பொருளை நிறுத்தப்போவதையும் கடைசி நிமிடம் வரை மறைக்கிறார்களே? நாங்கள் அதை நம்பித்தானே ஐந்து வருடத் திட்டம் போடுகிறோம்?
– சர்வர் நிர்வாகி

பதில்: நீங்கள் கேட்பது நியாயம். இந்த இரண்டு மௌனங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வரப்போவதை மறைத்தால் வாங்குபவருக்கு நல்ல வாய்ப்பு ஒன்று தவறும், அவ்வளவுதான். போகப்போவதை மறைத்தால், ஏற்கெனவே போட்ட முதலீடு, எழுதிய மென்பொருள், பயிற்சி கொடுத்த ஆட்கள் எல்லாம் ஒரே அறிவிப்பில் கேள்விக்குறி ஆகிவிடும்.

ஆப்பிளின் எக்ஸ்சர்வ் நல்ல உதாரணம். ரேக்கில் ஒரு யூனிட் உயரத்தில் பொருந்தும் சர்வர், 2002-ல் வந்தது. 2010 நவம்பர் 5 அன்று, 2011 ஜனவரி 31-க்குப் பிறகு கிடைக்காது என்று அறிவித்தார்கள். மூன்று மாதம்கூட இல்லை. மாற்றாகச் சொன்னது மேக் ப்ரோவும் மேக் மினியும். இரண்டிலும் இரட்டைப் பவர் சப்ளை கிடையாது. இயந்திரம் அணைந்திருக்கும்போதே தூரத்திலிருந்து நிர்வகிக்க உதவும் தனி வசதியும் கிடையாது. எக்ஸ்சர்வ் வாங்கியவர்கள் அந்த இரண்டுக்காகத்தான் வாங்கினார்கள். வாரன்டி கடமைகளை ஆப்பிள் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆண்டு பட்ஜெட் முடிந்துபோன ஒரு நிறுவனத்துக்கு, நவம்பரில் சொல்லி ஜனவரியில் நிறுத்துவது என்பது சொல்லாமல் நிறுத்துவதற்குச் சமம்.

இதைவிட வலித்தது சென்ட்ஓஎஸ் 8. சர்வர்களில் ஓடும் அந்த இலவச லினக்ஸ் இயங்குதளம் 2019 செப்டம்பரில் வெளியானது. 2029 மே வரை அப்டேட் வரும் என்ற தேதியை நம்பி ஏராளமானோர் சர்வர்களை அதற்கு மாற்றினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. பதிப்பு 7-ன் தேதி மட்டும் மாறவில்லை. அது 2024 ஜூன் 30 வரை ஓடியது. ஒழுங்காகப் புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்கு ஒரு வருடம், மாறாமல் சோம்பி இருந்தவர்களுக்கு மூன்றரை வருடம்! வெளியிட்ட தேதியையே முன்னால் இழுத்தால் வாடிக்கையாளர் எதை நம்புவார்? அந்த வெற்றிடத்தில்தான் ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்ற மாற்று இயங்குதளங்கள் முளைத்தன. ஒரே வகைப் பேக்கேஜ்கள் என்பதால் அவற்றுக்கு மாறுவது பெரும்பாலும் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டும் வேலையாக முடிந்தது. திறந்த தளத்தில் இருந்ததால் கிடைத்த தப்பிப்பு இது. எக்ஸ்சர்வ்காரர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. இன்டெல், சர்வர்களுக்கான தன் இட்டானியம் சிப்பை நிறுத்துவதாக 2019 ஜனவரியில் வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பு அனுப்பியது. கடைசி ஆர்டர் 2020 ஜனவரி 30, கடைசி அனுப்புதல் 2021 ஜூலை 29. இரண்டரை வருட அவகாசம். சிப் தோற்றுப்போனது வேறு விஷயம். வழியனுப்பிய விதத்தில் குறை சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியதும் இப்படித்தான்: தேதி ஆண்டுக்கணக்கில் முன்பே தெரியும், தாமதத்துக்கு விலையும் தெரியும். நிறுவனங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டின் பட்டியல் விலை முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு. மூன்று ஆண்டுக்குக் கூட்டினால் 427 டாலர். 200 கணினிக்கு 85,400 டாலர். கசப்பான தொகைதான். ஆனால் பட்ஜெட்டில் எழுதி வைக்கக்கூடிய தொகை. ரகசியம் தராதது இதைத்தான்.

கேள்வி: எங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும் ஒரு வசதி "அடுத்த காலாண்டில் வந்துவிடும்" என்று மின்னஞ்சலில் சொன்னதை நம்பி மென்பொருளுக்கு மூன்று வருட லைசென்ஸ் வாங்கினோம். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மின்னஞ்சலைக் காட்டினால், ஒப்பந்தத்தில் அப்படி ஏதும் இல்லையே என்கிறார்கள்.
– கணக்குப் பிரிவுத் தலைவர்

பதில்: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் "இந்த ஆவணமே முழு உடன்படிக்கை, இதற்கு முந்தைய எந்த வாக்குறுதியும் செல்லாது" என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கும். பிரதிநிதியின் மின்னஞ்சலை அது அடித்துவிடும். வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை வரும்போது அந்த மின்னஞ்சலை விலைக்குறைப்புக்குப் பயன்படுத்துவதே நடைமுறையில் கிடைக்கும் பலன்.

அவர்கள் ஏன் எழுதித் தரத் தயங்குகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கியல் விதிகளும் ஒரு காரணம். வருமானத்தை எப்போது கணக்கில் காட்டலாம் என்று சொல்லும் அமெரிக்காவின் ஏஎஸ்சி 606, சர்வதேச ஐஎஃப்ஆர்எஸ் 15 இரண்டின்படியும், இன்ன வசதியைப் பின்னால் தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்தால் அது தனிக் கடமை ஆகலாம். அதற்குரிய பங்கை, வசதியைக் கொடுக்கும் வரை வருமானமாகக் காட்ட முடியாது. இந்தப் பயம் பழையது. 2007-ல் ஆப்பிள், விற்றுவிட்ட மேக்குகளுக்குள் ஏற்கெனவே இருந்த வேகமான வைஃபையைத் திறந்துவிட 1.99 டாலர் வாங்கியது. கணக்கியல் விதிதான் காரணம் என்று சொன்னது. அதனால்தான் ரோட்மேப் (அடுத்து வரப்போவதைக் காட்டும் திட்டப்பட்டியல்) ஸ்லைடின் முதல் பக்கத்தில் "இதை நம்பி வாங்கும் முடிவு எடுக்காதீர்கள்" என்று போட்டிருக்கும். அதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லப்படுவதிலேயே சட்டப்படி நிற்கும் ஒரே வாக்கியம் அதுதான்.

முன்கூட்டியே அறிவித்தது தாமதமாக வருவதும் புதிதல்ல. 1983 நவம்பரில் அறிவித்த விண்டோஸ் முதல் பதிப்பு 1985 நவம்பரில்தான் வந்தது. ஆகவே இனி வாங்கும்போது, இன்று இல்லாத வசதிக்கு இன்று பணம் கொடுக்காதீர்கள். வசதி கட்டாயம் என்றால் "இன்ன தேதிக்குள் இன்ன சோதனையில் தேறவில்லை என்றால் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பப் பெற்று விலகலாம்" என்று எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் மூன்று வருடத்தை ஒரு வருடமாகக் குறையுங்கள். தள்ளுபடி கொஞ்சம் குறையும். அது காப்பீட்டுக்குக் கட்டிய தொகை. சோதனையைத் துல்லியமாக எழுதுவதும் முக்கியம். "பல நாணய வசதி" என்று எழுதினால் எதையாவது காட்டிவிடுவார்கள். "மூன்று நாணயங்களில் 500 பில்களைப் பதிவு செய்து, மாத இறுதி மாற்று விகிதத்தில் லாப நட்ட வித்தியாசம் தனிக் கணக்கில் தானாக விழ வேண்டும்" என்று எழுதினால் நழுவ இடம் இருக்காது.

கேள்வி: ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ரோட்மேப் சொல்வார்களாமே? எப்படிக் கேட்பது? நம்புவதா?
– தொழிற்சாலையின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்

பதில்: கேட்டால் பல நிறுவனங்கள் சொல்லும். தயாரிப்பாளருக்கே உங்கள் தயவு தேவைப்படும்போது ரகசியம் தளரும். மேக் கணினிகளின் சிப்பை மாற்றும்போது 2005 ஜூனிலும் 2020 ஜூனிலும் ஆப்பிள் பல மாதம் முன்பே அறிவித்தது. மென்பொருள் எழுதுவோர் தயாராகாவிட்டால் புதுக் கணினிக்கு மதிப்பே இல்லை. 2017 ஏப்ரலில் சில பத்திரிகையாளர்களை அழைத்து, மேக் ப்ரோவை முழுதாக மாற்றி வடிவமைக்கிறோம், இந்த ஆண்டு வராது என்று சொன்னதும் அப்படித்தான். தொழில்முறைப் பயனாளர்கள் பொறுமையிழந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கேட்க வேண்டியது டீலரிடம் அல்ல, தயாரிப்பாளரின் கணக்கு மேலாளரிடம். அவர் வழியாகப் பொருள் மேலாளரை வரவழையுங்கள். ஒப்பந்தத்தில் ரகசியக் கெடு எத்தனை வருடம், தணிக்கையாளருக்கும் ஆலோசகருக்கும் காட்டலாமா, நீங்கள் சொல்லும் உங்கள் திட்டங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். மூன்றாவது பல ஒப்பந்தங்களில் இருக்காது. உங்கள் விரிவாக்கத் திட்டம் விற்பனைப் பிரிவுக்கு விலை உயர்த்தும் ஆயுதமாகப் போய்விடும்.

"அடுத்து என்ன வருகிறது?" என்று தொடங்கினால் கூட்டம் முழுக்க விளம்பரமாகப் போய்விடும். இப்படிக் கேளுங்கள்: இன்று வாங்கும் இந்தப் பொருளின் விற்பனை எப்போது நிற்கும், குறைந்தது எந்தத் தேதிக்கு முன் நிற்காது? நின்ற பிறகு உதிரிப்பாகம் எத்தனை வருடம்? பாதுகாப்பு பேட்ச் எத்தனை வருடம், அது ஆதரவுக் கட்டணம் கட்டாதவருக்கும் வருமா? என் கான்ஃபிகரேஷன் (கருவியில் நான் செய்து வைத்த அமைப்புகள்) அடுத்த தலைமுறைக்கு அப்படியே போகுமா, திரும்ப எழுத வேண்டுமா? "முன் நிற்காது" என்று கேட்பதில் சூட்சுமம் இருக்கிறது. நிறுத்தும் தேதியைச் சொல்லத் தயங்குபவர்கள்கூட "2029-க்கு முன் இல்லை" என்று சொல்வார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, தேதியோடு அவர்களுக்கே அனுப்பித் திருத்தம் கேளுங்கள். ஸ்லைடை அலுவலகம் முழுக்க அனுப்பாதீர்கள். போட்டி நிறுவனத்திடம் விலை கேட்கும் ஆவணத்தில் அந்தத் தகவல் ஒரு வரி கசிந்தாலும் நீங்கள்தான் ஒப்பந்தத்தை மீறியவர். அந்த நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கும் ஊழியரைக் கூட்டத்துக்கே அழைக்காதீர்கள். வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கினாலும் விற்றாலும் அது குற்ற வழக்கு வரை போகும்.

நம்புவதா என்றால், ஒரு வருடத்துக்குள் வருவதாகச் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டு வருடம் தள்ளிச் சொல்வதை ஆசை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறிவிப்பு வரும் முன்பே ஒரு பொருள் நிற்கப்போகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். எல்லா மாடல்களும் கிடைக்கும்போது ஒரு மாடலின் டெலிவரி மட்டும் 2 வாரத்திலிருந்து 10 வாரமாக நீள்வது, புது இயங்குதளத்தின் ஒத்திசைவுப் பட்டியலில் அது இல்லாமல் போவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த ஃபர்ம்வேரில் ஒரு வருடமாகப் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே வருவது, டீலர்களுக்கான பயிற்சி வகுப்பு நின்றுபோவது. இவற்றில் ஒன்று மட்டும் என்றால் அர்த்தமில்லை. மூன்று சேர்ந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

வதந்தி வேறு, அறிகுறி வேறு. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது அறிகுறிகளிலும் தெரியாமல் போகலாம். 2011 மார்ச்சில் ஆரக்கிள், இட்டானியத்துக்கு இனி மென்பொருள் எழுத மாட்டோம் என்றது. அந்தச் சிப்பை வைத்து சர்வர் விற்றுவந்த எச்பி வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் வெளியான ஆவணங்களில்தான், சிப்பைத் தொடர்ந்து தயாரிக்க இன்டெலுக்கு எச்பி சுமார் 69 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அதுவரை அந்த சர்வர்களை வாங்கிய யாருக்கும் தாங்கள் நம்பியிருக்கும் சிப்பின் ஆயுள் ஒரு தனி ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருப்பது தெரியாது.

கேள்வி: நாங்கள் 15 பேர் உள்ள சிறு அலுவலகம். எங்களுக்கு யார் ரோட்மேப் காட்டுவார்கள்?

பதில்: யாரும் காட்ட மாட்டார்கள், உங்களுக்கு அது தேவையும் இல்லை. தேதிகளை முன்பே வெளியிடும் தயாரிப்பாளரிடம் வாங்குங்கள், போதும். உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருட அப்டேட் உண்டு. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ பொதுவாக விற்பனையை நிறுத்த ஆறு மாதம் முன்பே சொல்லும். அதன்பின் ஐந்து வருடம் ஹார்டுவேர் உதிரி தரும். ஆப்பிள், விற்பனை நின்று ஐந்து வருடம் தாண்டியதை 'விண்டேஜ்' என்றும் ஏழு தாண்டியதைக் 'காலாவதி' என்றும் வகைப்படுத்துகிறது. கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் முன் அதன் மாடல் எண்ணோடு "எண்ட் ஆஃப் சப்போர்ட்" என்று தேடித் தேதியைப் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் ரூட்டருக்கு ஒன்றரை வருட அப்டேட்தான் பாக்கி என்றால், பாதி விலையும் அதிகம்தான்.

கேள்வி: எங்களிடம் 120 நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கின்றன. விற்பனை நிற்கிறது, கடைசி ஆர்டருக்கு ஆறு மாதம் என்று குறிப்பு வந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடம் ஓட்ட வேண்டும். எத்தனை வாங்கி வைக்க?
– நெட்வொர்க் பொறியாளர்

பதில்: "பத்து சதவீதம் வாங்கி வையுங்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் பழுதுப் பதிவேட்டை எடுங்கள். கடந்த மூன்று வருடத்தில் 14 பழுதாகின என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 360-ஆல் (120 ஸ்விட்ச் × 3 வருடம்) வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 3.9 சதவீதம். அதே வேகத்தில் ஐந்து வருடத்துக்கு 120 × 0.039 × 5, அதாவது 23.

ஆனால் 23 வாங்கினால் பற்றாக்குறை வருவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஏனென்றால் அது சராசரி. அதன் வர்க்கமூலம் சுமார் 4.8, அதை 1.65-ஆல் (இருபதில் ஒன்று என்ற ஆபத்துக்குப் புள்ளியியல் தரும் எண்) பெருக்கினால் 8. ஆக 31 வாங்கினால் பற்றாக்குறை வாய்ப்பு இருபதில் ஒன்று அளவுக்கு இறங்கும். கருவிக்கு வயதாகும்போது பழுது வேகம் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் 40 ஸ்விட்ச்சை மட்டும் புது மாடலுக்கு மாற்றிவிட்டால், கழற்றிய 40-ம் மீதி 80-க்கு உதிரி ஆகிவிடும். அப்போது மூன்று வருடத்துக்கு மட்டும் கணக்குப் போடலாம்: சராசரி 14, பாதுகாப்புக்கு 6, சேர்த்து 20. அந்த 14 பழுதுகளைப் பிரித்தும் பாருங்கள். ஒன்பது பவர் சப்ளை, இரண்டு ஃபேன் என்றால், கழற்றி மாட்டக்கூடிய மாடலாக இருக்கும்போது முழு ஸ்விட்ச் எதற்கு? பவர் சப்ளையை அதிகம் வாங்குங்கள்.

வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதோடு முடியாது. தேவைப்படும் நாளில் உதிரி வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம் ஃபர்ம்வேர். அலமாரியில் இருப்பது மூன்று பதிப்பு பழையது; ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகரேஷனை ஏற்காது; ஆதரவு முடிந்திருந்தால் புது ஃபர்ம்வேரும் தளத்திலிருந்து போயிருக்கலாம். ஆகவே கடைசி ஃபர்ம்வேரை லைசென்ஸ் அனுமதிக்கும் வகையில் இறக்கி, சரிபார்ப்பு எண்ணோடு இரண்டு இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உதிரிகளில் இரண்டை எடுத்து மின்சாரம் கொடுத்து, ஃபர்ம்வேர் ஏற்றி, ஒரு உண்மையான கான்ஃபிகரேஷனைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ் வாங்கி வைப்பவர்கள் மூடிய லெட்-ஆசிட் பேட்டரியையும் அதே ஆறு மாதத்தில் சார்ஜ் செய்ய வேண்டும்; விட்டால் சல்பேட் படிந்து, பெட்டி பிரிக்காமலே செத்துவிடும்.

லைசென்ஸ் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டதா என்று இப்போதே கேளுங்கள். பழுதான ஸ்விட்ச்சின் லைசென்ஸை உதிரிக்கு மாற்ற அவர்களுடைய சர்வர் ஒப்புதல் தர வேண்டும் என்றால், அந்த சர்வர் ஐந்து வருடமும் ஓடும் என்று எழுதி வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் கிளவுடில் இருக்கிறது. வாங்கிவைக்கப் பொருளே இல்லை. திடீரென்று நிறுத்தினால்?

பதில்: அறிவிப்புக் கெடுவைப் பாருங்கள். சென்சார் போன்ற கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தன் ஐஓடி கோர் சேவையை கூகுள் நிறுத்துவதாக 2022 ஆகஸ்டில் சொல்லி 2023 ஆகஸ்ட் 16-ல் மூடியது. ஒரு வருடம் கிடைத்தது. களத்தில் ஆயிரக்கணக்கில் சென்சார் பதித்தவர்களுக்கு, ஒவ்வொன்றின் இணைப்பு முகவரியையும் மாற்ற அந்த ஒரு வருடமும் தேவைப்பட்டிருக்கும். நிறுத்துவது மட்டும் ஆபத்தில்லை, விற்கும் முறையை மாற்றுவதும் ஆபத்துதான். ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்ட உதவும் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கி முடித்த பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. வைத்திருந்தவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆதரவைப் புதுப்பிக்கத்தான் வழியில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் நிறுத்த 12 மாத அறிவிப்பு, நிறுவனம் கைமாறினாலும் அதே விலைமுறை, முடிந்த பின் 90 நாள் தரவை எடுக்க அனுமதி மூன்றையும் கேளுங்கள்.

பிறகு ஒருமுறை உண்மையாகவே வெளியே எடுத்துப் பாருங்கள். 40 டெராபைட்டை நொடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பில் எடுக்க, கணக்குப்படி 3.7 நாள். நடைமுறையில் மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான் கிடைக்கும், ஆக ஐந்தரை நாள். வெளியேற்றும் தரவுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று விலைப்பட்டியலில் பாருங்கள். எடுத்த கோப்பை இன்னொரு மென்பொருளில் திறந்து, இணைப்புகள், கருத்துரைகள், யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு மூன்றும் வந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். பெரும்பாலும் விடுபடுவது கடைசியாகச் சொன்னதுதான். தணிக்கையாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.